எட்டுச் சேலை ஞாயிறு

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் ஓரகத்தி உப்பலில் மெட்ரோ ஏறி, தோளில் ஒரு பெரிய பையோடு கொண்டாப்பூரில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வருவாள். பையில் எட்டுச் சேலைகளும் அவற்றுக்குப் பொருத்தமான ஜாக்கெட்டுகளும் இருக்கும். நானும் எட்டு எடுத்து வைத்திருப்பேன். காலை பத்து மணியிலிருந்து மாலை நான்கு வரை இரண்டு பேரும் எட்டு முறை சேலை மாற்றி, எட்டு முறை சண்டை போட்டு, எட்டு முறை சிரிப்போம். எல்லாவற்றையும் என் செல்போன் படம் பிடிக்கும். பிறகு அவள் சேலைகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "வாரேன்" என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவாள். அடுத்த மாதம் வரை எங்களுக்குள் பேச்சு கிடையாது.

நாங்கள் அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு திருநெல்வேலியிலிருந்து ஹைதராபாத் வந்தவர்கள். நான் மூத்த மருமகள், அவள் இளையவள். வீட்டிலேயே பொடி இடித்து விற்கிறோம். இட்லிப் பொடி, பருப்புப் பொடி, எள்ளுப் பொடி. தொடங்கிய புதிதில் எங்கள் அபார்ட்மெண்டில் இருந்த நாலைந்து தமிழ்க் குடும்பங்கள் வாங்கின. அவர்கள் ஆபீசில் சொல்லி இன்னும் சிலர் வாங்கினார்கள். அதற்கு மேல் நகரவில்லை. இந்தக் காலத்தில் ரீல் போடாமல் எதுவும் விற்காது என்று எல்லோரும் சொன்னார்கள். சரி, போட்டுத்தான் பார்ப்போமே என்று இறங்கினோம்.

எங்கள் முதல் ரீல்களை இப்போது பார்த்தால் எனக்கே தாங்காது. நான் பட்டுச்சேலையில் நின்று, கைகூப்பி வணக்கம் சொல்லி, மிளகாயை எப்படிக் காயவைக்கிறோம் என்று ஒரு நிமிடம் பாடம் நடத்தினேன். பார்த்தவர்களில் பாதிப் பேர் எங்கள் சொந்தக்காரர்கள். அவர்களும் முழுதாகப் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஐந்தாவது ரீலில், நான் கையில் கரண்டியோடு வணக்கம் சொல்லத் தொண்டையைக் கனைத்துக்கொண்டிருந்தபோது, போன் ஓடுவது தெரியாமல் அவள் பக்கத்திலிருந்து சொன்னாள்: "அக்கா, மொதல்ல அந்தக் கரண்டியக் கீழ வைங்க. எவனயோ அடிக்கப் போற மாதிரில்லா நிக்கீங்க." எனக்குக் கோபம் வந்து, "உன்னத்தான் அடிக்கணும்" என்றேன். அவள் சிரித்தாள். விளையாட்டாக அதையே போட்டோம். அடுத்த வாரம் பொடி தீர்ந்துபோனது.

அன்றைக்குப் புரிந்த விஷயத்தை வைத்துத்தான் இன்று வரை பிழைக்கிறோம். ரீலுக்கு முதல் மூன்று நொடிதான் உயிர். வணக்கம், நலமா என்று ஆரம்பித்தால் பார்க்கிறவர் விரலால் தள்ளிவிட்டுப் போய்விடுவார். சண்டையின் நடுவிலிருந்து தொடங்க வேண்டும். யார் ஜெயிப்பார் என்று தெரிந்துகொள்ள அவர் நிற்பார். அவர் நிற்கும்போது, பத்தாவது நொடி வாக்கில், பொடி தானாக உள்ளே வர வேண்டும். கடைசியில் இரண்டு பேரும் சிரிக்க வேண்டும். மருமகள்கள் இரண்டு பேர் ஒரே அடுப்படியில் சண்டை போட்டுவிட்டுச் சிரிப்பதைப் பார்ப்பதில் ஜனங்களுக்கு அப்படி ஒரு ஆசை. தெலுங்குக்காரர்களும் வாங்கத் தொடங்கினார்கள். என் மகளுக்குத் தமிழ் புரியும், ஆனால் தெலுங்கில்தான் பதில் சொல்வாள். அவளே தெலுங்கு வரிகளை எழுதிக் கொடுத்தாள். பொடியின் பெயரை யாரும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. தோடிகோடள்ளு பொடி, ஓரகத்திகள் பொடி என்றே கேட்டார்கள்.

அந்த நாட்களில் எனக்கு அவளைப் போல ஒரு தோழி இல்லை. இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். சத்தம் வரக்கூடாது என்று மின்விசிறியை நிறுத்துவோம், ஃப்ரிட்ஜை நிறுத்துவோம். ஒருமுறை ஃப்ரிட்ஜைத் திரும்பப் போட மறந்து, மறுநாள் பாலெல்லாம் திரிந்து கிடந்தது. அவளுக்குப் போன் செய்து சொன்னேன். அதைச் சொல்லிச் சொல்லி அரை மணி நேரம் சிரித்தோம். எனக்குக் கூடப் பிறந்த பெண்கள் இல்லை. இருந்தால் இப்படித்தான் இருக்கும் போல என்று நினைத்துக்கொள்வேன்.

அப்போது எங்கள் மாமியார் அவள் வீட்டில் இருந்தார். அவளுக்கு உப்பலில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை. மூன்று வயதுப் பிள்ளையை அத்தைதான் பார்த்துக்கொண்டார். ஒரு ஞாயிறு படப்பிடிப்பு முடிந்ததும் அவள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, முழங்காலைப் பிடித்தபடி அத்தையைப் போலவே நடந்து வந்தாள். பொடியில் விரலை விட்டு நக்கி, கண்ணை மூடி யோசித்து, "உப்பு ஒரு கல்லு கூட. அரைச்சவ கை அப்படி. இருந்தாலும் திங்கலாம்" என்றாள். நான் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த போன் ஆடியது. போன் ஓடிக்கொண்டிருந்தது எங்கள் இருவருக்கும் தெரியும். நமக்குள்ளே வைத்துப் பார்த்துச் சிரிக்கலாம் என்றுதான் விட்டோம்.

அதன்பிறகு இரண்டு மாதம் எங்கள் ரீல்கள் எதுவும் ஓடவில்லை. ஏன் என்று யாருக்கும் தெரியாது. அதே சண்டை, அதே சிரிப்பு, ஆனால் பார்க்க ஆளில்லை. அரைத்த பொடி டப்பாவில் அப்படியே இருந்தது. எனக்குக் கை பரபரத்தது. ஒரு சாயங்காலம் ஏழு மணிக்கு, அவளைக் கேட்காமல், அந்த மாமியார் நடையைப் போட்டுவிட்டேன்.

நாங்கள் அதுவரை போட்டதிலேயே அதுதான் அதிகம் ஓடியது. எங்க வீட்டு மாமியார் அப்படியே இருக்காங்க என்று எழுதினார்கள். இன்னொரு மாமியார் போடுங்க என்று எழுதினார்கள். ஓரகத்தி போன் செய்து, "அக்கா, எடுத்துருங்க, அத்த பாத்தாங்கன்னா அவ்வளவுதான்" என்றாள். எடுக்கிறேன் என்றேன். எடுக்கவில்லை. ஓடுகிற ரீலை நடுவில் எடுக்க எனக்கு மனசு வரவில்லை, இன்னும் கொஞ்ச நேரம் ஓடட்டும் என்று பார்த்தேன். மறுநாள் மாலைதான் எடுத்தேன். அதற்குள் யாரோ அதை எங்கள் குடும்ப குரூப்பில் போட்டுவிட்டார்கள்.

அத்தை எனக்குப் போன் செய்தார். திட்டவில்லை. குரல் சின்னதாக இருந்தது. "இத யாரும்மா போட்டது?" என்று கேட்டார்.

"எனக்குத் தெரியல அத்த. அவகிட்டயும் பாஸ்வேர்டு இருக்கு" என்றேன்.

இரண்டாவது வாக்கியம் உண்மை. பாஸ்வேர்டு அவளிடமும் இருந்தது. அத்தை கோபமாகக் கேட்டிருந்தால் நான் உண்மையைச் சொல்லியிருப்பேன் என்று பல நாள் எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய். எப்படிக் கேட்டிருந்தாலும் நான் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

அவள் "நான் போடல அத்த" என்று சொல்லியிருக்கிறாள். நடந்து காட்டியது அவள், பேசிக் காட்டியது அவள். போட்டது மட்டும் அவள் இல்லை என்றால் யார் நம்புவார்கள்? அத்தை அந்த வாரமே துணிமணியை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். பிள்ளையைப் பார்க்க ஆளில்லாமல் அவள் வேலையை விட்டாள். அவள் என்னைக் காட்டிக் கொடுத்திருக்கலாம். செய்யவில்லை. அண்ணன் தம்பிக்குள் வெட்டு விழுந்துவிடும் என்று நினைத்தாளோ, இல்லை, நானே சொல்வேன் என்று காத்திருந்தாளோ, தெரியாது. எனக்கு ஒரே ஒரு செய்தி அனுப்பினாள். ஷூட்டிங்குக்கு வருவேன், மற்றபடி எதுவும் வேண்டாம்.

வராமல் இருக்க அவளால் முடியாது. பள்ளிக்கூட வேலை போன பிறகு இந்தப் பொடிதான் அவள் கையில் இருக்கும் ஒரே வருமானம். கூப்பிடாமல் இருக்க என்னாலும் முடியாது. ஒருமுறை நான் மட்டும் தனியாகப் பேசி ஒரு ரீல் போட்டுப் பார்த்தேன். "சின்னக்கோடலு எக்கட?" என்று கீழே வரிசையாகக் கேட்டார்கள். சின்ன மருமகள் எங்கே என்று எனக்கும்தான் தெரியவில்லை. அடுத்த ஞாயிறு கூப்பிட்டேன், வந்தாள்.

இதில் கொடுமை என்னவென்றால், நாங்கள் பேசிக்கொள்வதில்லை என்பது குடும்பத்தில் ஒருவருக்கும் தெரியாது. எப்படித் தெரியும்? வாரம் இரண்டு நாள் ஏழு மணிக்கு நாங்கள் சேர்ந்து சிரிப்பதை எல்லோரும் பார்க்கிறார்கள். ஒரே நாளில் எடுத்ததை மாதம் முழுக்கப் பிரித்துப் போடுவதால், நாங்கள் தினமும் ஒன்றாகவே இருப்பதாகப் பார்க்கிறவர்கள் நினைக்கிறார்கள். "உன் வீட்டம்மாவும் தம்பி வீட்டம்மாவும் என்ன ஒத்துமை" என்று ஆபீசில் சொன்னதாக என் கணவர் வந்து பெருமைப்பட்டார். நான் தட்டில் சோற்றைப் போட்டேன்.

அத்தை என் வீட்டில் யாருக்கும் தொந்தரவு இல்லாமல் இருந்தார். முன்பெல்லாம் இங்கே வந்து தங்கும்போது எந்தக் குழம்பு வைத்தாலும் உப்பு, புளி, காரம் என்று ஏதாவது சொல்வார். இப்போது எதைக் கொடுத்தாலும் சாப்பிட்டுவிட்டு, "நல்லாருக்கு" என்று எழுந்துவிடுகிறார். பொடி இடிக்கும்போது முன்னெல்லாம் கூப்பிடாமலே வந்து ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைப்பார். அதன்பிறகு அந்தப் பக்கமே வருவதில்லை. நான் ஒருநாள் வேண்டுமென்றே உப்பைக் கூடப் போட்டு ரசம் வைத்தேன். குடித்துவிட்டு நல்லாருக்கு என்றார். எனக்கு அழுகை வந்தது.

ஷூட்டிங் நடக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் அத்தை காலையிலேயே உள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். சின்ன மருமகளை அவர் பார்க்க விரும்பவில்லை. அவர் அறை மின்விசிறியின் சத்தம் எங்கள் மைக்கில் விழும் என்று நான் எப்போதோ சொல்லியிருந்தேன். அதை நினைவில் வைத்துக்கொண்டு, அந்த ஆறு மணி நேரமும் விசிறியைப் போடாமல் உட்கார்ந்திருப்பார். மே மாதத்திலும் அப்படித்தான். நான் போய் வேண்டாம் என்று சொன்னால், "ஒங்க பொழப்பு கெட்டுரக் கூடாதுல்லா" என்பார்.

இப்படியே ஏழு மாதம் போனது. ரீலுக்கான வசனங்களை நான்தான் எழுதுவேன். வெள்ளிக்கிழமை அவளுக்கு அனுப்பினால், பதிலுக்குக் கட்டைவிரல் படம் ஒன்று வரும். அதுதான் எங்கள் கடிதப் போக்குவரத்து. ஏழாவது மாதம், நேரில் சொல்ல முடியாததை எழுதித்தான் தொலைப்போமே என்று ஒன்று எழுதினேன். கதை இதுதான்: அக்கா எள்ளைக் கருக்கிவிடுகிறாள். கேட்ட வாடிக்கையாளரிடம் தங்கச்சிதான் கருக்கினாள் என்று சொல்லிவிடுகிறாள். தங்கச்சி கண்டுபிடித்துச் சண்டை போடுகிறாள். கடைசியில் அக்கா சொல்ல வேண்டும்: "நான்தான் கருக்குனேன். கேட்டவங்ககிட்ட நீன்னு சொல்லிட்டேன். தப்பு என்னோடது, மன்னிச்சிரு." அதற்குத் தங்கச்சி, "சரி விடுங்கக்கா, அடுத்த தடவ நான் வறுக்கேன்" என்று சிரிக்க வேண்டும்.

இதற்கும் கட்டைவிரல்தான் வந்தது. அந்த விரலை எத்தனை தடவை எடுத்துப் பார்த்தேன் என்று கணக்கில்லை. புரிந்துதான் போட்டாள் என்று ஒரு சமயம் தோன்றும், படிக்காமலே போட்டிருப்பாள் என்று மறு சமயம் தோன்றும்.

அந்த ஞாயிறு அது ஐந்தாவது ரீல். அவள் கடுகு மஞ்சளில் ஒரு சேலை கட்டியிருந்தாள். முதலில் ஒரு ஒத்திகை பார்த்தோம். அதில் நான் வசனத்தைக் கடகடவென்று ஒப்பித்தேன், அவளும் சரி விடுங்கக்கா என்று சொல்லிச் சிரித்தாள். ஒத்திகையையும் படம் பிடித்து வைப்பது எங்கள் வழக்கம். பிறகு நிஜமாக எடுத்தோம். இந்த முறை நான் போனைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்துச் சொன்னேன். "தப்பு என்னோடது" என்ற இடத்தில் குரல் அடைத்துக்கொண்டது. எப்படியோ "மன்னிச்சிரு" வரைக்கும் வந்துவிட்டேன்.

அவள் தன் வசனத்தைச் சொல்லவில்லை. போன் ஓடிக்கொண்டே இருந்தது.

"எனக்குத் தெரிஞ்சத எனக்கு எதுக்குக்கா சொல்லுதீங்க?" என்றாள்.

"வாரேன்" தவிர, எழுதிக் கொடுக்காத ஒன்றை ஏழு மாதத்தில் முதன்முதலாகப் பேசுகிறாள். அவள் உள் அறையைப் பார்த்துத் தாடையை நீட்டினாள்.

"அந்தக் கதவப் பூட்டலக்கா. சும்மா சாத்தித்தான் இருக்கு."

சொல்லிவிட்டு, ஜாக்கெட்டில் மாட்டியிருந்த மைக்கைக் கழற்றி அடுப்பு மேடைமேல் வைத்தாள். அடுத்த சேலையை எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போய்விட்டாள்.

நானும் அடுத்த சேலையைக் கட்டிக்கொண்டு போனேன். நடு ஹாலைத் தாண்டினால் அறை, பத்தடி இருக்காது. போகும்போது என்ன சொல்ல வேண்டும் என்பதுகூடத் தெளிவாக இருந்தது. அத்தை, அதைப் போட்டது நான். அவ்வளவுதான், நாலு வார்த்தை. கதவைத் தள்ளினேன். அத்தை கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, எங்கள் பொடிக்கு அடித்த நோட்டீஸ் ஒன்றால் விசிறிக்கொண்டிருந்தார். ஜாக்கெட் முதுகோடு ஒட்டியிருந்தது. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"முடிஞ்சிட்டா? ஃபேன் போட்டுக்கிடட்டா?"

"இன்னும் மூணு இருக்கு அத்த" என்றேன்.

"சரி சரி, முடிங்க."

கதவைச் சத்தம் வராமல் சாத்தினேன். திரும்பினால் அவள் ஆறாவது சேலையில் நின்றுகொண்டிருந்தாள். கேட்டிருந்தாள். முகத்தில் கோபம் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். எதுவும் இல்லை. மைக்கை எடுத்து மாட்டிக்கொண்டு, "அடுத்தது பருப்புப் பொடிதான?" என்றாள். நான் போனை ஓடவிட்டதும் இடுப்பில் கைவைத்து, "என்னக்கா, பருப்ப எண்ணிக்கிட்டா இருக்கீங்க?" என்று ஆரம்பித்தாள். மூன்று நொடிக்குள் சண்டை சூடு பிடித்தது. மிச்சம் மூன்றையும் அன்றே முடித்துவிட்டோம்.

அந்த எள்ளுப் பொடி ரீலை எப்படி வெட்டி ஒட்டுவது என்று பிறகு இரண்டு நாள் யோசித்தேன். நிஜமாக எடுத்ததில் நான் மன்னிப்புக் கேட்கும் இடம் நீளம், குரலும் சரியில்லை. பார்க்கிறவர் தள்ளிவிட்டுப் போய்விடுவார். அவள் பேசிய பகுதியை வைக்கவே முடியாது. ஆகவே மன்னிப்பை எடுத்துவிட்டேன். எள் கருகுகிறது, பழி போடுகிறேன், சண்டை வருகிறது, அதற்குப் பின்னால் ஒத்திகையில் அவள் சிரித்த சிரிப்பை ஒட்டினேன். ஒரே சேலை என்பதால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. எந்த மன்னிப்பும் கேட்காத என்னைப் பார்த்து, சரி விடுங்கக்கா என்று அவள் சிரித்தாள். ரீல் கச்சிதமாக வந்திருந்தது.

வியாழக்கிழமை ஏழு மணிக்கு அது வெளியானது. நன்றாக ஓடியது. எள்ளுப் பொடி கேட்டு வந்தவர்களுக்குப் பதில் எழுதவே எனக்கு நேரம் சரியாக இருந்தது. நடுவில் சமையலும் பார்க்க வேண்டியிருந்ததால் ஹாலில் உட்கார்ந்து கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் சோபாவில் அத்தை தன் போனைக் கையில் வைத்திருந்தார். சின்ன மருமகளை நேரில் பார்க்க மாட்டாரே தவிர, எங்கள் ரீல் ஒன்றையும் அவர் விடுவதில்லை. என் குரல் கேட்டது, பிறகு அவள் குரல், பிறகு அந்தச் சிரிப்பு.

"ஏளா, இங்க பாரு" என்றார் அத்தை. "எப்படி நடிக்கா பாரு இவ. எங்கிட்டயும் இப்படித்தான் நின்னா. நான் போடல அத்தன்னு, பச்சப்புள்ள மாதிரி மூஞ்சிய வச்சிக்கிட்டு. ஒன்னய மாதிரி ஒருத்தி இருக்கப்போய் நான் ஒரு வாய் நிம்மதியாத் திங்கேன்."

"ஆமா அத்த" என்றேன்.

முதல் தடவை அந்தப் பொய்யைப் பயத்தில் சொன்னேன். இந்த முறை எனக்குப் பயம்கூட வரவில்லை.